குறைமாதக் குழந்தையும் குட்டி விரல்களும்

"ஏழாம் மாசம் பொறந்தா பொழைச்சுக்கும், எட்டாம் மாசம் பொறந்தா தங்காது" என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். வயிற்றுக்குள் ஒரு வாரம் கூடுதலாக இருந்தால் அந்த ஒரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். இதை எந்த டாக்டரும் சொல்லுவார். ஆனால் குழந்தை பிழைத்து, எடை ஏறி, நடந்து, பேசி, பள்ளிக்கூடம் போன பிறகும் சிலருக்கு ஒரு சிரமம் பாக்கி இருக்கும். சட்டைப் பட்டன் போட வராது. டிபன் டப்பா மூடியைத் திறக்க வராது. பென்சில் பிடித்தால் நாலு வரிக்குள் கை ஓய்ந்துவிடும். "சோம்பேறி" என்ற பட்டமும் சீக்கிரம் கிடைத்துவிடும். இதைப் பற்றி நம்மில் யாரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் இளைய மகள் 2013 ஜூன் மாதம், 31 வாரத்தில் பிறந்தாள். எடை 1400 கிராம். ஆகஸ்டில் பிறக்க வேண்டியவள். 37 வாரம் முடிவதற்கு முன்னால் பிறந்தாலே குறைமாதம்தான், 32-க்கும் முன்னால் என்றால் மிகவும் குறைமாதம் என்று கணக்கு. உலகம் முழுக்கப் பார்த்தால் பத்துக் குழந்தைகளில் ஒன்று இப்படித்தான் அவசரப்பட்டு வருகிறது. 2020-ல் மட்டும் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது. ஆக, இது எங்கள் வீட்டு அதிசயம் ஒன்றும் இல்லை.

அந்த ஒன்பது வாரத்தில் அப்படி என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நானும் கேட்டேன். கடைசி இரண்டு மூன்று மாதம் குழந்தை வயிற்றுக்குள் இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு இருக்கிறது இல்லையா? கை, கால் எல்லாம் மடங்கி, உருண்டையாக. அந்த நெருக்கம் சும்மா இல்லை. காலை நீட்டினால் சுவர் தடுக்கும், கையை அசைத்தால் வாயில் படும். உதைத்து உதைத்துத் தசை இறுகுகிறது. இரண்டு கையும் நடு நெஞ்சுக்கு வந்து பழகுகிறது. மூளை மிக வேகமாக வளருவதும், அதன் நரம்பு இணைப்புகள் உருவாவதும் அந்தச் சமயத்தில்தான். அதற்குள் வெளியே வந்துவிட்ட குழந்தை கண்ணாடிப் பெட்டியில் மட்டமாகக் கிடக்கிறது. பூமி இழுக்கிற இழுப்பை எதிர்க்கத் தசையில் பலம் கிடையாது. இரண்டு கையும் பக்கத்துக்கு ஒன்றாக, சரணடைந்தவன் கையைத் தூக்கின மாதிரி விழுந்து கிடக்கும். அதற்காகத்தான் நல்ல நர்ஸம்மாக்கள் துணியைச் சுருட்டிச் சுற்றிலும் அணை கட்டி, கூடு மாதிரி செய்து படுக்க வைப்பார்கள். தாய் தன் நெஞ்சோடு தோலோடு தோலாகக் குழந்தையை வைத்துக்கொள்கிற கங்காரு முறையும் உதவும். உடம்புச் சூடு, பால், எடை எல்லாவற்றுக்கும் அது நல்லது. அப்போது கையும் தானாக முன்னால் வந்து மடங்கிக்கொள்ளும்.

தூளி இருக்கிறதே, அதுவும் மடக்கித்தானே வைக்கும் என்று எங்கள் அத்தை கேட்டார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் எடை குறைந்த பச்சைக் குழந்தைக்குத் தூளியில் கழுத்து முன்னால் மடங்கி மூச்சு திணறும் அபாயம் உண்டு. அதனால் தூக்கம் மட்டமான படுக்கையில்தான் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் கை வேலையில் சிரமம் வரும் என்று யாரும் பயந்துவிடாதீர்கள். பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே வளர்கிறார்கள். ஆனால் நிறைமாதக் குழந்தைகளைவிட இவர்களில் அதிகம் பேருக்கு விரல் வேலை தாமதப்படுகிறது. எவ்வளவு முன்னால் பிறந்தார்களோ அவ்வளவுக்கு வாய்ப்பும் கூடுகிறது. புத்திக்கும் இதற்கும் முடிச்சுப் போடக் கூடாது. என் மகள் நாலு வயதில் கதை சொன்னால் ஊரே உட்கார்ந்து கேட்கும். ஆனால் சட்டைப் பட்டன் முன்னால் தோற்றுப் போவாள்.

இளம் தாய்மார்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வயதுக் கணக்கு. குறைமாதக் குழந்தைக்கு இரண்டு பிறந்த நாள். ஒன்று பிறந்த தேதி, இன்னொன்று பிறந்திருக்க வேண்டிய தேதி. வளர்ச்சியைப் பார்க்கும்போது இரண்டு வயது வரைக்கும் இரண்டாவது தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். டிசம்பரில் என் மகளுக்கு நாள்காட்டிப்படி ஆறு மாதம். உண்மைக் கணக்கில் நாலு மாதம்தான். அவள் வயதையொத்த பக்கத்து வீட்டுக் குழந்தை கிலுகிலுப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தது. இவள் அப்போதுதான் பொருளை எட்டிப் பிடிக்கவே பார்த்தாள். அந்தக் கணக்குத் தெரிந்திருந்ததால் எனக்குத் தூக்கம் கெடவில்லை.

மூன்று மாதத்தில் உள்ளங்கை விரிந்திருக்க வேண்டும். நாலு மாதத்தை ஒட்டி எட்டிப் பிடிக்க முயல வேண்டும். ஆறு ஏழு மாதத்தில் கை மாற்றுவது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள், தரையில் கிடக்கிற ஒரு பொரியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கொத்தி எடுப்பது. எல்லாம் திருத்தின கணக்குப்படிதான். அதிலும் ஒரு மாதம் முன்னே பின்னே இருக்கலாம்.

ஆனால் சில விஷயங்களில் "வளர வளர சரியாயிடும்" என்று உட்கார்ந்துவிடக் கூடாது. நாலு மாதம் தாண்டியும் கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி இறுகியே இருப்பது ஒன்று. ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது இன்னொன்று. "எம் பேரன் இப்பவே வலக்கைக்காரன்" என்று பாட்டிமார் சந்தோஷப்படுவார்கள். சந்தோஷப்படுகிற விஷயம் இல்லை அது. கைப்பழக்கம் அவ்வளவு சீக்கிரம் வரக் கூடாது. மற்றக் கையில் பலக்குறைவு இருக்கலாம். உடம்பு விறைப்பாக இருந்தாலும், துணி மாதிரித் தொய்ந்தாலும், கற்றதை மறந்தாலும், உடனே டாக்டரிடம் போக வேண்டும். சீக்கிரம் ஆரம்பித்தால் மூளை வளைந்து கொடுக்கும்.

கண்ணையும் மறக்கக் கூடாது. கை போகிற இடத்துக்குக் கண்தான் வழி காட்டுகிறது. 34 வாரத்துக்கு முன்னால் பிறந்த, அல்லது 2000 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்து ஒரு மாதத்துக்குள் விழித்திரையைச் சோதிக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னாலேயே. இது தள்ளிப்போடுகிற காரியமே இல்லை, பார்வை போய்விடும். அது சரியாக இருந்தாலும் பின்னால் கிட்டப்பார்வை, மாறுகண் வர வாய்ப்பு உண்டு. என் மகளுக்கு விழித்திரை நன்றாக இருந்தது. ஐந்து வயதில் கண்ணாடி போட வேண்டி வந்தது.

பள்ளிக்கூடக் கதைக்கு வருகிறேன். எல்.கே.ஜி. சேர்க்க ஜூலை 31-க்குள் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்கு. 2016-ல் என் மகள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டாள். ஆகஸ்டில் பிறந்திருந்தால் தானாகவே ஒரு வருஷம் தள்ளியிருக்கும்! இவருக்குச் சேர்த்துவிட ஆசை. "ஒரு வருஷம் வீணாப் போகுதே" என்றார். நான் பிடிவாதமாக நின்று 2017-ல்தான் சேர்த்தேன். "இவ்வளவு பெரிய பெண்ணை இன்னும் வீட்டில் வைத்திருக்கிறாயா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே என் வாய் வலித்தது.

அப்படியும் யு.கே.ஜி.யில் பிரச்சினை வந்தது. ஐந்து வயதுக் குழந்தைக்குத் தினமும் இரண்டு பக்கம் வீட்டுப்பாடம். மற்றக் குழந்தைகள் அரை மணியில் முடிப்பதை இவள் அழுது அழுது ஒன்றரை மணி நேரம் எழுதுவாள். எழுத்து கோட்டைத் தாண்டி ஓடும். பென்சிலை அழுத்தி அழுத்தித் தாள் கிழியும். வகுப்பு மிஸ் நோட்டில் சிவப்பு மையில் "சோம்பல்" என்று எழுதி அனுப்பினார். ஒருநாள் ராத்திரி சாதம் பிசைந்துகொண்டிருக்கிறேன், பக்கத்தில் வந்து வலக்கையை நீட்டி, "அம்மா, எங்கை கெட்ட கைம்மா" என்றாள். எனக்குப் பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. எழுத்து அழகாக வராவிட்டால் போகிறது, ஒரு குழந்தை தன் கையையே வெறுக்கலாமா?

மறுநாளே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 2013-ல் மத்திய அரசு கொண்டுவந்த குழந்தைகள் நலத் திட்டத்தில் மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று ஒன்று வைக்க ஏற்பாடு. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலோ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ இருக்கும். காசு கிடையாது. 18 வயது வரைக்கும் பார்க்கிறார்கள். அங்கே ஆக்குபேஷனல் தெரபி செய்கிற ஒரு சின்னப் பெண். கல்யாணம்கூட ஆகியிருக்காது என்று தோன்றியது. அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை நாலு குழந்தை பெற்றவர்கள்கூடச் சொன்னதில்லை.

அவள் பென்சிலையே தொடவில்லை. என் மகளைக் குப்புறப் படுக்க வைத்து, கையையும் காலையும் பறவை மாதிரித் தூக்கச் சொன்னாள். ஐந்து எண்ணுவதற்குள் தொப்பென்று போட்டுவிட்டாள். நாற்காலியில் உட்கார வைத்தால் கால் தரையில் எட்டாமல் ஆடியது, உடம்பு மேஜை மேல் சாய்ந்தது. "பாத்தீங்களா அக்கா? எழுத்து விரல்லேருந்து வரலை. வயித்திலேருந்தும் தோள்லேருந்தும் வருது. உடம்பு ஆடாம நின்னாத்தான் தோள் நிக்கும், தோள் நின்னா மணிக்கட்டு நிக்கும், அப்புறம்தான் விரல். இவ உடம்பைத் தாங்கிப் பிடிக்கவே பாதி சக்தியும் போயிடுது. மீதியிலே எப்படி எழுதுவா?" என்றாள்.

நாற்காலிக்குக் கீழே ஒரு முக்காலி போட்டுப் பாதத்தை வைக்கச் சொன்னாள். அன்றைக்கே போட்டோம். அதுவே பாதி அழுகையை நிறுத்தியது என்றால் நம்புவீர்களா!

அப்புறம், வீட்டில் என்னென்ன செய்யலாம் என்று கேட்டபோது அவள் சிரித்துக்கொண்டே, "உங்க அடுப்படியை விடப் பெரிய தெரபி ரூம் ஏது?" என்றாள். இதைத்தான் சிநேகிதிகளுக்கெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சப்பாத்தி மாவை அவளையே பிசையவிட்டேன். முதலில் கட்டியும் தண்ணீருமாக இருக்கும், இருக்கட்டும். உள்ளங்கை பலம் அதில்தான் வருகிறது. ஈரத் துணியைப் பிழிவது, துணிக்கு க்ளிப் மாட்டுவது (க்ளிப்பை விரல் நுனியால் அழுத்த வேண்டும், கையால் இறுக்கக் கூடாது), பட்டாணி உரிப்பது, முருங்கைக்கீரை உருவுவது. பட்டாணி உரிக்கும்போது ஒரு கை பிடிக்க வேண்டும், ஒரு கை பிளக்க வேண்டும். இரண்டு கைக்கும் இரண்டு வேலை. இந்தக் குழந்தைகளுக்கு அதுதான் கஷ்டம், அதுதான் தேவை. நிறையத் தொடுப்பு வேலை வந்த பிறகு மல்லிகை கட்டக் கற்றுக்கொடுத்தேன். அது வர எட்டு வயது ஆகிவிட்டது.

புளியங்கொட்டை, சோழி வைத்துப் பல்லாங்குழி ஆடுவதும் அருமையான பயிற்சி. உள்ளங்கையில் காயை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விரல் நுனிக்குத் தள்ளிக் குழியில் போட வேண்டும் அல்லவா? ஆனால் வாயில் போடுகிற வயதுக் குழந்தையிடம் இந்தச் சின்னக் காய்களைக் கொடுக்கவே கூடாது. வேர்க்கடலையும் அப்படித்தான். தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விடக் கோலம். எனக்கு இது முன்பு தோன்றியதே இல்லை, தினமும் போடுகிறவள்தான். குத்துக்காலிட்டு உட்காருவதில் வயிற்றுக்கும் இடுப்புக்கும் வேலை. கையை உயரத்தில் நிறுத்துவதில் தோளுக்கு வேலை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவைக் கிள்ளி, கொஞ்சம் கொஞ்சமாக நழுவவிடுவதில் விரலுக்கு வேலை. கண் புள்ளியைப் பார்த்து முன்னால் போக வேண்டும். முதலில் தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி விரலால் கோடு இழுக்கச் சொன்னேன். பிறகு வாசலில் மாவு. ஆரம்பத்தில் பிடி பிடியாகக் கொட்டுவாள், எறும்புக்கு விருந்துதான்! மூன்று புள்ளி மூன்று வரிசைக்கு வர நாலு மாதம் ஆயிற்று. 2020-ல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது வாசல்தான் அவளுக்கு வகுப்பறை. ஐந்து புள்ளிக் கம்பிக் கோலம் அந்த வருஷம்தான் வந்தது.

சாப்பாட்டு விஷயம் கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். குறைமாதக் குழந்தையைப் பெற்றவளுக்கு எடைதான் பயம். ஒவ்வொரு கவளத்தையும் எண்ணி எண்ணி ஊட்டுகிறோம். ஐந்து வயது வரைக்கும் ஊட்டிவிட்டு, ஆறாம் வயதில் அதே விரலால் அழகாக எழுது என்றால் அது எங்கே போகும்? சாதத்தைப் பிசைந்து, உருட்டி, விரல் நுனியில் எடுத்து வாய்க்குக் கொண்டுபோவது சாமானிய வித்தை இல்லை. சிந்தினால் பழைய சேலையை விரித்துவிடுங்கள். கைக்குச் செல்போனைக் கொடுத்து உட்கார வைப்பதும் உதவாது. கண்ணாடியைத் தேய்க்க விரலுக்கு என்ன பலம் வேண்டியிருக்கிறது?

எழுத்தை நாங்கள் கடைசியில்தான் தொட்டோம். நோட்டை மூடிவிட்டு, சுவரில் சாய்த்து வைத்த சிலேட்டில் ஆரம்பித்தோம். நிமிர்ந்த பலகையில் எழுதினால் மணிக்கட்டு தானாகச் சரியான பக்கம் வளையும். முழுப் பலப்பம் கூடாது, உடைந்த துண்டு. துண்டாக இருந்தால் முஷ்டியால் பிடிக்க முடியாது, மூன்று விரல்தான் வர வேண்டும். கோடுகளுக்கும் ஒரு வரிசை உண்டாம். நிற்கிற கோடு இரண்டு வயதில், வட்டம் மூன்றில், கூட்டல் குறி நாலில், சதுரம் ஐந்தை ஒட்டி, முக்கோணம் அதற்கும் பிறகு. இப்போது யோசித்துப் பாருங்கள், விஜயதசமியன்று அரிசியில் நாம் முதலில் எழுத வைக்கிற 'அ' எவ்வளவு சிக்கலான எழுத்து! சுழி, வளைவு, குறுக்குக் கோடு, நிற்கிற கோடு எல்லாம் அதில் இருக்கிறது. சாஸ்திரத்துக்கு எழுதட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கற்றுக்கொடுக்கும்போது ட, ப, ம என்று கோட்டெழுத்தில் தொடங்கினோம். அது அவளுக்குச் சட்டென்று வந்தது. 'ப' எழுதிவிட்டுத் தன் கையைத் தானே தடவிக்கொடுத்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பெண் ஒரு கடிதம் கொடுத்தாள். வீட்டுப்பாடத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும், அகலக் கோடு நோட்டு வேண்டும் என்று. "ஒரு குழந்தைக்குன்னு தனியா முடியாதும்மா" என்று அந்த மிஸ் திருப்பிவிட்டார். முதலாம் வகுப்பு மிஸ் கடிதத்தை முழுக்கப் படித்தார். "சரி, அஞ்சு வரி எழுதட்டும், மீதியை வாயால் சொல்லட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்குக் கோடி நமஸ்காரம்.

தினமும் பயிற்சிக்குப் பதினைந்து நிமிஷம் போதும். குழந்தை அழுவதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். பயிற்சி என்ற பேச்சே வரக் கூடாது, "அம்மாவுக்கு உதவி" அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அண்ணனும் சேர்ந்து பட்டாணி உரித்ததால் அவளுக்குத் தனியாகத் தோன்றவில்லை.

எல்லாம் ஜாலமாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பட்டன் ஏழு வயதில் வந்தது. ஷூ லேஸ் கட்ட இன்னும் தடுமாறுவாள், ஒட்டுகிற பட்டை வைத்த ஷூதான் வாங்குகிறோம். பரீட்சையில் கடைசிக் கேள்விக்கு நேரம் போதாமல் வருவது உண்டு. எழுத்து முத்து முத்தாக இல்லை, ஆனால் படிக்க முடிகிறது. மார்கழியில் தெருவுக்குள் நுழைகிறவர்கள் எங்கள் வாசலில் ஒரு நிமிஷம் நின்றுதான் போகிறார்கள்.

இன்னொரு விஷயம், சொல்ல விட்டுப்போய்விடும். குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது தருகிற காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். எத்தனை வாரம், என்ன எடை, எத்தனை நாள் ஆக்ஸிஜன், தலை ஸ்கேனில் என்ன, கண் சோதனை எப்போது என்று எல்லாம் அதில் இருக்கும். ஐந்து வயதில் போனபோதும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். மை மங்கிவிடும், அதனால் இரண்டு நகல் எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது ரேஷன் கார்டோடு ஒரே உறையில் இருக்கிறது.